செயற்கை என்னும் சொல்

கமுந்திங் வட்டாரத்தில் ‘இயற்கை எழில்’ என்று கட்டுரை எழுதப் பணித்தால், மாணவருள் பலர் அருகிலுள்ள தைப்பிங் ஏரிப் பூங்காவையே எழுதுவர். அமைதியான நீர், அதன்மேல் தாழ்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரக்கிளைகள், பின்னே மலைத்தொடர். ஆயின், அவ்வேரிகள் ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்கள். 1880ஆம் ஆண்டு முதல் பூங்காவாகத் திருத்தப்பட்டவை. தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. மாணவரைக் குறை கூறிப் பயனில்லை. அழகானது இயற்கை, அழகற்றது செயற்கை என்னும் எண்ணம் ஆசிரியர் உள்ளத்திலும் உண்டு.

தொல்காப்பியர் இவ்விரு சொற்களையும் உயர்வு தாழ்வு கருதி வேறுபடுத்தவில்லை. இயற்கைப் பொருளை ‘இத்தன்மைத்து’ என்று சொன்னாற் போதும். செயற்கைப் பொருளை ‘ஆயிற்று’ என ஆக்கச்சொல் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று கிளவியாக்கத்தில் விதிக்கிறார். அவ்வாக்கத்திற்கு முன்னர்க் காரணமும் வருதல் வேண்டும். எருவிட்டுக் களை பறித்தமையாற் பயிர் நன்றாயிற்று என்பது போன்றது அது. செய்தவன் கையும் செய்த முறையும் அவ்வாக்கியத்தில் நிற்கின்றன. வழக்கில் காரணத்தை விட்டுச் சொல்லுதலும் உண்டென அவரே இடம் தருகிறார். அவ்விடத்தில்தான் இழப்பும் நேர்கிறது.

‘இயற்கை ரப்பர்’ என்னும் தொடரை நோக்குக. முன்னர் அது வெறும் ரப்பர்தான். 1942இல் மலாயா ஜப்பானியர் கைப்பட, வரத்தற்ற அமெரிக்கா ஆலைகளில் ரப்பரைப் பெருமளவிற் செய்யத் தொடங்கியது. ஆலையிற் பிறந்தது ‘செயற்கை’ எனவே, தோட்டத்து ரப்பர் ‘இயற்கை’ எனப் பெயர் பெற்றது. இதனினும் பொருந்தாப் பெயர் அரிது. அம்மரம் பிரேசில் நாட்டது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்கு வந்தன. பின்னர்க் காடழித்து, நிரை பிடித்து நட்டு, ஒட்டுக் கட்டி, விடியுமுன் எழுந்து பால் வெட்டிய கைகள் பெரும்பாலும் தமிழர் கைகள். தொல்காப்பியர் விதிப்படி, ‘இவர் உழைத்தமையாற் காடு தோட்டமாயிற்று’ என்றே சொல்லத்தகும். ‘இயற்கை’ என்றதும் மரம் தானே பால் சொரிந்ததுபோல் ஆகிவிடுகிறது, காரணம் மறைகிறது. தோட்டங்களிற் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன இந்நாளில், அக்காரணத்தைச் சொல்வாரும் குறைந்துவிட்டனர்.

செயற்கை இழிசொல்லானதற்கு ஆங்கில வழக்கும் துணைநின்றது. ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்பதும் திறனாற் செய்தது என்னும் இலத்தீன் அடியிற் பிறந்ததே; பொய்ம்மைப் பொருள் பின்னர் ஏறியது. மலாய் மொழியில் ஆக்கப்பட்டதற்கு ‘புவாத்தான்’, போலச் செய்ததற்குத் ‘தீருவான்’ என இரு சொற்கள் உள. காகிதப்பூ தீருவான், கணினியின் நுண்ணறிவு புவாத்தான். (ஆலை ரப்பரைத் தீருவான் என்பதால், அங்கும் எல்லை முற்றச் சீராக இல்லை.) தமிழிலோ, போலி என்னும் நல்ல சொல் இருக்க, செயற்கைப் புன்னகை, செயற்கைக் கண்ணீர் என்கிறோம். அதே நாவால் செயற்கைக்கோளை வியக்கிறோம்.

கட்டுரை திருத்துங்கால் ‘நடை செயற்கையாக உள்ளது’ என்று சிவப்பு மையால் எழுதும் வழக்கத்தையும் விடலாம். செய்யுள் என்பதே ‘செய்’ என்னும் அடியிற் பிறந்தது. குற்றம் நடை செய்யப்பட்டதில் இல்லை. பிறர் நடையைப் போலச் செய்ததில் இருக்கக்கூடும். அவ்வாறாயின் ‘போலி நடை’ என்றே எழுதுக. எந்த வரி போலி என்பதையும் கோடிட்டுக் காட்டுக.