திருவட்டாற்றுத் தோர்த்தும் யாழ்ப்பாணத்து வாளியும்

நாய்க்குட்டி வந்த வீட்டுக்கு அடுத்த வாரமே ஒரு பிரஷ் பெட்டியும் வந்துவிடுகிறது. உள்ளே ஏழெட்டுச் சாமான் இருக்கும், பாதி அந்த வீட்டுக்கு உதவாது. அட்டையில் அச்சிட்ட நாயின் இனத்தைப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் எது வேண்டும் என்பதை ஊரின் தண்ணீரும் மழையும்தான் முடிவு செய்கின்றன. குமரி மாவட்டத்துத் திருவட்டாற்றையும் இலங்கையின் யாழ்ப்பாணத்தையும் பக்கம் பக்கமாக வைத்தால் இது விளங்கும்.

திருவட்டாற்றில் ஈரம்தான் தொல்லை. ஆதிகேசவப் பெருமாள் கோயிலையொட்டிக் கோதையாறும் பறளியாறும் ஓடுகின்றன. சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், பிடிக்கிற மழை, சற்று ஓய்ந்து, ஐப்பசியில் மறுபடி வரும். இங்கே குட்டியைக் குளிப்பாட்டுவது பெரிய வேலையில்லை, காயவைப்பதுதான் பாடு. அதனால் முதலில் வாங்க வேண்டியது பிரஷ் அல்ல, நாலு தோர்த்து. மெல்லிய பருத்தித் தோர்த்து ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும், கொடியில் போட்டால் மழைக்காலத்திலும் ஒருவழியாகக் காய்ந்துவிடும். கடையில் விற்கும் தடித்த டவல் ஆடி மாதத்தில் காயவே காயாது. அந்த ஈர நாற்றம் பிறகு குட்டி மேலும் ஏறும்.

‘மக்களே, காதத் தொடச்சியா?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது சும்மா இல்லை. காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் கழுத்துப்பட்டைக்கு அடியிலும் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், குட்டி ராத்திரி முழுக்கச் சொறியும். பஞ்சை விரலில் சுற்றிக் கண்ணுக்குத் தெரிகிற இடம் வரை துடைத்தால் போதும். காது குடையும் பட்ஸ் அழுக்கை உள்ளே தள்ளிவிடும். பொமரேனியன் என்று நாம் அழைக்கும் வெள்ளைச் சடை நாய்க்கு மேல்முடி காய்ந்த பிறகும் அடிமுடி நனைந்தே இருக்கும். சீப்பால் முடியை வகிடெடுத்துத் தோல் வரை பார்த்துவிட வேண்டும். ஹேர் டிரையரைச் சூடு குறைத்து, கொஞ்சம் தள்ளிப் பிடிக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. அது சுண்ணாம்புக்கல் நிலம். வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம். அந்தக் கடின நீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் தேய்ப்பார்கள். தேய்த்தது முழுக்கப் போகாமல் மயிரடியில் படிந்து, காய்ந்ததும் பொடுகுபோல உதிரும், அரிக்கும். ‘நல்லா ஊத்து அப்பன், இன்னும் போகேல்லை’ என்று கிணற்றடியில் நிற்கிற அம்மாவுக்கு இது தெரியும். அங்கே முதல் கருவி இரண்டாவது வாளி. ஷாம்புவை நேராக முதுகில் ஊற்றாமல் ஒரு போத்தல் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும், அலசுவதற்கென்று ஒரு வாளி தனியாக வைக்க வேண்டும். உலர்த்துகிற கவலை வெயில் காலத்தில் இல்லை, ஒரு துவாய் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் திருவட்டாற்று முறைதான் அங்கும்.

எந்த ஷாம்பு? இரண்டு ஊரிலும் வீட்டில் இருப்பதைத்தான் போடுகிறார்கள். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நம் சோப்பும் கிருமிநாசினித் திரவமும் அதற்கு ஒத்துவராது. இலங்கையில் 2022 ஆகஸ்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் ஷாம்பு உட்பட 300 நுகர்பொருள்களின் இறக்குமதியை நிறுத்தியபோது, கைக்குக் கிடைத்த சவர்க்காரத்தைக் குட்டிக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்படிப்பட்ட நேரத்தில் அடிக்கடி குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் துடைத்துவிடுவதே மேல்.

தேய்க்கும் கருவியிலும் ஒரே பழக்கம். மாட்டைத் தேய்க்கிற தேங்காய் நாரைக் குட்டிக்கும் எடுக்கிறார்கள். பிஞ்சுத் தோலுக்கு அது முரடு. பீர்க்கங்கூட்டை ஊறவைத்தால் மெத்தென்று இருக்கும். ரப்பர்ப் பல் வைத்த பிரஷ் இன்னும் நல்லது. இரண்டு ஊரிலும் வீட்டோடு வளர்கிற நாட்டு நாய்க்கும், ராஜபாளையம் போன்ற குட்டை முடி நாய்க்கும் அந்த ஒரு பிரஷ்ஷே எதேஷ்டம். வளைந்த கம்பிப் பிரஷ் சடைநாய்க்குத்தான். வாங்குமுன் உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள், சுள்ளென்றால் குட்டிக்கும் அப்படித்தான். பிளேடுபோல இருக்கும் முடி உதிர்ப்பான் குட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் வைத்தியம் பாக்கு நீரிணையின் இரு பக்கமும் உண்டு. தோல் வெந்துபோகும், குட்டி நக்கினால் உயிருக்கே ஆபத்து. புருவம் எடுக்கும் இடுக்கியால் தோலோடு ஒட்டி உண்ணியின் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட்டுவிட வேண்டும். நசுக்கக் கூடாது. மேலே எடுத்தால் மட்டும் தீராது. நாய் உண்ணி விழுந்து, சுவரிடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். திருவட்டாற்றுப் பக்கம் முற்றத்தில் கட்டுகிற கம்பியழிக் கூட்டின் விரிசலையும், யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியின் இடுக்கையும் பார்க்காமல் மருந்து வாங்கிப் பயனில்லை. மருந்தின் அளவைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். குட்டியின் வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது அது.

நகவெட்டியை முதல் நாளே போடக் கூடாது. கண்ணில் காட்டி, பாதத்தைத் தொட்டு, ஒரு துண்டு அவித்த முட்டை. மறுநாள் வெறுமனே ‘டிக்’ சத்தம், மறுபடி முட்டை. பிறந்து மூன்று முதல் பதினான்கு வாரம் வரை குட்டி புதியவற்றை எளிதாக ஏற்கும், அதற்குள் பழக்கிவிட வேண்டும். தெருவில் ஓடுகிற குட்டிக்கு நகம் தானே தேயும். கூட்டிலும் டைல்ஸ் தரையிலும் வளர்வதற்குத்தான் வெட்ட வேண்டியிருக்கும். முன்காலின் உட்புறம் சற்று உயரத்தில் இருக்கும் நகம் மட்டும் தரையைத் தொடாததால் எந்தக் குட்டிக்கும் தேயாது. கறுப்பு நகத்தில் ரத்தக்குழாய் தெரியாது, நுனியை இம்மியிம்மியாகச் சீவ வேண்டும். ரத்தம் வந்தால் பொடித்த படிகாரத்தையோ சோளமாவையோ வைத்து ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.