புதுப்பள்ளி வீடும் மகளின் பங்கும்

முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், கோட்டயம் மாவட்டத்துப் புதுப்பள்ளியிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்திய சுரியானி கிறிஸ்தவர் வீடு ஒன்று உண்டு. அதன் மரவேலைப்பாடு கண்ணுக்கு விருந்து. ஆயினும் அங்கே செல்லும்போதெல்லாம் என்னுள் ஒரு வினா எழுகிறது: இவ்வீட்டு மகளுக்கு இதில் என்ன பங்கு இருந்திருக்கும்?

1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாது இறந்தால் மகனுடைய பங்கில் நான்கிலொன்று, அல்லது 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அதுவே மகளுக்கு. கோட்டயத்து மேரி ராய் வழக்காடினார். 1951 முதலே அச்சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (அவர் நிறுவிய பள்ளிக்கும் தட்சிணசித்ராவுக்கும் வடிவம் தந்தவர் லாரி பேக்கர் ஒருவரே.) எதிர்ப்போ, கிறிஸ்தவ சபைகளுக்குள்ளிருந்தே எழுந்தது.

கனடா நாட்டு மெய்யியலார் வில் கிம்லிக்கா, சிறுபான்மைப் பண்பாட்டின் உரிமைகளைப் பற்றி 1995-இல் வெளியிட்ட நூலில் ஒரு பகுப்பைச் செய்கிறார். பெரும்பான்மையின் அழுத்தத்தினின்று தம்மைக் காக்குமாறு சிறுபான்மையினர் கேட்பது வேறு; தம் உறுப்பினரையே கட்டுப்படுத்த அதிகாரம் கேட்பது வேறு. முன்னதைத் தாராளவாதம் ஏற்கலாம், பின்னதை ஏற்கலாகாது என்பார். பயனுள்ள பகுப்புதான். ஆனால் புதுப்பள்ளி வீட்டில் அது இடறுகிறது. "குடும்பச் சொத்து சிதறாமல் காப்பது எம் மரபு" என்னும் அதே சொல்லைத்தான் அரசிடமும் சொன்னார்கள், மகளிடமும் சொன்னார்கள்.

தீர்ப்பிலும் எனக்குக் குறை உண்டு. ஆண் பெண் சமத்துவம் என்னும் வினாவுக்குள் அது நுழையவில்லை. எந்தச் சட்டம் நடப்பில் உள்ளது என்பதோடு நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய குறை நம்முடையது. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு தரும் கல்வி உரிமைக்காக ஒருகுரலாய் எழுகிறோம், எழவும் வேண்டும். பால் அடிப்படையிலான பாகுபாடு இறைத்திட்டத்துக்கு மாறானது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்ததை மட்டும் ஏன் வீட்டுக்குள் விடத் தயங்கினோம்? எண்ணிக்கை நூலின் 27-ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரியர் தந்தையின் நிலத்தில் உரிமை கேட்டபோது, மோசே வழக்கைத் தள்ளிவிடவில்லை; ஆண்டவர் திருமுன் கொண்டு சென்றார்.

இது மலையாளத்தார் கதை என்று நாம் ஒதுங்க இயலாது. தமிழகத்தில் நமக்கும் 1925-ஆம் ஆண்டுச் சட்டமே. உயில் இல்லையெனில் மகளுக்கும் சமபங்கு. ஆயினும் தந்தையின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு வந்த சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டும் வீடுகளை அறிவேன். "கையெழுத்துப் போடட்டுமா சாமி?" என்று ஒருத்தி கேட்டாள். "குடும்ப சமாதானம் பெரிதம்மா" என்றேன். அவள் கையெழுத்திட்டாள்.