கவறும் கதையும்: ‘லோடோஸ் தீவுப் போர் வரலாறு’ – ஒரு திறனாய்வு

விளையாட்டிலிருந்து பிறந்த ஒரு கதையை இலக்கியத் திறனாய்வு பொருட்படுத்தல் வேண்டுமா என்னும் வினா முதற்கண் எழக்கூடும். பொழுதுபோக்கிற்காகத் தோன்றியது என்பது ஒன்றே ஒரு படைப்பை விலக்கப் போதிய காரணம் ஆகாது. கூத்தும் பொழுதுபோக்காகவே பயின்றது. நாடக இலக்கியம் அதனோடு உறவற்றது அன்று. ஆதலின் வினாவைச் சிறிது மாற்றிக் கேட்பதே முறை. ஆட்டம் கதையாகும்போது எது எஞ்சுகிறது? எது புதிய பொருள் பெறுகிறது? எது இழக்கப்படுகிறது? இவற்றிற்கு விடை காண ஜப்பானிய அசைவூட்டப் படங்களுள் ஒன்றாகிய ‘லோடோஸ் தீவுப் போர் வரலாறு’ ஏற்ற சான்றாகும். மேட்ஹவுஸ் என்னும் படநிறுவனம் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தொலைக்காட்சிக்கு அன்றி ஒளிநாடா வெளியீடாக, 13 பகுதிகளில் இதனை உருவாக்கியது.

படத்தை ஆராயுமுன் அதன் பிறப்பை அறிதல் வேண்டும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அமைத்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். நாடும் காடும் பகைவரும் அவர் பொறுப்பு. ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுத் தாம் செய்வதைச் சொல்லுவர். செய்தது பலித்ததா இல்லையா என்பதைக் கவறு முடிவு செய்யும். இன்று கணினியில் ஆடப்பெறும் பாத்திர ஆட்டங்கள் யாவும் இதன் வழித்தோன்றல்களே. கணினி ஆட்டங்களுக்கென நடந்த ‘காம்ப்டிக்’ என்னும் ஜப்பானிய இதழ், இம் மூல ஆட்டம் ஆடப்பெறும் முறையைத் தன் வாசகர்க்குக் காட்ட 1986 இல் ஒரு தொடர் வெளியிட்டது. மிசுனோ ரியோ நடத்த, நண்பர் சிலர் ஆடிய ஆட்டத்தின் பேச்சுப் பதிவே அத்தொடர். இவ்வகைப் பதிவை அந்நாட்டார் ‘ரீப்ளே’ என்பர். அதனை மிசுனோ 1988 முதல் நாவல்களாக எழுதினார். முதல் நாவலின் பெயர் ‘சாம்பல்நிற மாயக்காரி’. ஆகவே படம் நான்காம் வடிவம் ஆகும். ஆட்டம், பதிவு, நாவல், படம் என நான்கு படிகளையும் ஐந்தே ஆண்டுகளில் இக்கதை கடந்துள்ளது.

ஆட்டப் பதிவின் இயல்பைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வர். அகப்பாடல் ஒவ்வொன்றையும் ‘இது யார் கூற்று?’ என்று கேட்டே நாம் படிக்கின்றோம். கபிலர் தலைவியாக நின்று பேசும்போது, பாடுவோர் கபிலர், கூறுவோள் தலைவி என இருவரையும் ஒருங்கே உணர்கின்றோம். ஆட்டப் பதிவிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வாறு இருவர் உரியர். எல்ஃப் இனத்து நங்கை டீட்லிட்டின் கூற்றுகளைப் பேசியவர் யமமோட்டோ ஹிரோஷி என்னும் ஆண் எழுத்தாளர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அகப்பாடலில் தலைவியின் முழுக் கூற்றும் புலவர் ஒருவர் கையில் உள்ளது. ஆட்டத்திலோ தன் பாத்திரம் அடுத்து என்ன ஆகும் என்பதைக் கூறுவோரும் அறியார். படம் இவ் அறியாமையைக் காட்ட இயலாது. பேசுவோர் இருவருள் ஒருவர் அங்கே மறைந்துவிடுகிறார்.

எனினும் ஆட்டத்தின் சுவடு முதற்பகுதியிலேயே தெளிவாகப் பதிந்துள்ளது. பாழடைந்த குள்ளர் நாட்டுச் சுரங்கவழியே அறுவர் செல்கின்றனர். வீரன் பார்ன், பூசகன் எட்டோ, மந்திரம் வல்ல ஸ்லேன், கள்வன் உட்சக், குள்ளன் கிம், எல்ஃப் டீட்லிட் என்போர் அவர். இவர் யார், எவ்வாறு கூடினர் என்பது கூறப்படவில்லை. இரண்டாம் பகுதியே பின்னோக்கிச் சென்று பார்னின் ஊரையும் அவன் புறப்பாட்டையும் காட்டுகிறது. காவியங்களும் கதையின் நடுவில் தொடங்குவதுண்டு. ஆனால் ஈண்டு அத்தொடக்கம் வேறொரு பொருத்தமும் உடையது. ஆட்டத்தில் பாத்திரங்கள் முதலில் தொழிலாகவே பிறக்கின்றன. வரலாறு பின்னரே வந்து சேர்கிறது. அவ்வாட்டத்தின் தொடக்கநிலை விதிகளில் எல்ஃப், குள்ளன் என்னும் இனப்பெயர்களே வீரன், கள்வன் என்பன போலத் தொழிற்பெயர்களாகவும் நின்றன. பாத்திரங்கள் வார்ப்புகளாகத் தோன்றுகின்றன என்று படத்தைக் குறை கூறுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். வார்ப்பு தொடக்கமே, அதிலிருந்து மனிதர் எழுகின்றனரா என்பதே வினா.

எழுகின்றனர் என்பதற்கு முதல் எட்டுப் பகுதிகள் சான்று. அவற்றின் நடுவே நிற்பவள் சாம்பல்நிற மாயக்காரி கார்லா. அவள் அழிந்துபோன பண்டைய மந்திரப் பேரரசின் எச்சம். ஒரு நெற்றிப்பட்டத்தில் அவள் உயிர் தங்கியுள்ளது. அதனை அணிந்தவர் உடல் அவளுடையதாகிவிடும். ஒளியும் முற்றாக வெல்லலாகாது, இருளும் முற்றாக வெல்லலாகாது என்பது அவள் கொள்கை. ஒரு பக்கம் ஓங்கி நின்று பின் வீழுமாயின் அவ்வீழ்ச்சி உலகையே அழிக்கும். அதனைத் தடுக்கச் சிறு போர்கள் நிகழ்ந்துகொண்டே இருத்தல் வேண்டும் என அவள் கருதுகிறாள். வாலிஸ் நாட்டு மன்னன் ஃபான், மார்மோவின் வேந்தன் பெல்டின் வாளுக்கு இரையாகிறான். வென்று நின்ற பெல்டைக் கார்லாவின் மாயம் கொல்கிறது. துலாக்கோல் மீண்டும் சமன் ஆகிறது.

இக்கொள்கையை எங்கோ கண்டிருக்கின்றோம் அல்லவா? ஆட்டத்தை நடத்துவோரின் கொள்கை இதுவே. ஒரு பக்கம் முற்றாக வென்றுவிடின் ஆட்டம் முடிந்துவிடும். ஆதலின் அவர் வலியோர்க்கு இடரும் எளியோர்க்குத் துணையும் தந்து ஆட்டத்தை நிறுத்தாது நடத்துவார். மேசையில் அது நற்பண்பு. அதே பண்பு கதைக்குள் புகுந்து ஓர் உருவம் பெறும்போது கொடுமையாகிறது. ஏனெனில் கதையில் வீழ்வோர் காய்கள் அல்லர், உயிர்கள். ஆசிரியர் இதனைக் கருதியே கார்லாவைப் படைத்தார் என்று நாம் துணிந்து கூறவில்லை. படைப்பு இவ்வுரைக்கு இடந்தருகிறது என்பதே நம் கருத்து. பார்ன் அவளை எதிர்ப்பது தீமையை எதிர்ப்பது மட்டும் அன்று. தன்னை ஒரு காயாக எண்ணி நகர்த்தும் கையை அவன் மறுக்கிறான்.

குள்ளன் கிம்மின் முடிவு இதனை வலியுறுத்துகிறது. கவறு ஆளும் இடத்தில் இறப்பு காரணமின்றியும் வரலாம். ஒரு வீச்சு தவறினால் போதும். கதையில் இறப்பிற்குக் காரணம் வேண்டும். மார்ஃபா தெய்வத்தின் பூசகி நீஸுக்கு, காணாமற்போன அவள் மகள் லேலியாவைத் தேடித் தருவதாகக் கிம் உறுதி கூறியிருந்தான். கார்லா கைக்கொண்ட உடல் அந்த லேலியாவினுடையதே. எட்டாம் பகுதியில் கிம் தன் உயிரைக் கொடுத்து அவளை மீட்கிறான். உலகின் சமன்பாடு பேசும் கார்லாவுக்கு எதிரே ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்கைத் தவிர அவனிடம் வேறு கொள்கை இல்லை. அவ்வாக்கே வெல்கிறது. ஆனால் வெற்றி முழுமையன்று: உட்சக் அந்நெற்றிப்பட்டத்தை எடுத்து அணிய, கார்லா அவனுடலில் குடிபுகுகிறாள். அவள் கொள்கைக்கு வாளால் விடை கூற இயலாது என்பதை இதனினும் செறிவாகக் கூறல் அரிது.

இவ்வளவு உயர்ந்த நிலையிலிருந்து படத்தின் இறுதி ஐந்து பகுதிகள் தாழ்கின்றன. அங்கே பகைவன் வாக்னார்ட் என்னும் மந்திரவாதி. அழிவுத் தெய்வம் கார்டிஸை எழுப்ப டீட்லிட்டைப் பலியாக்க முயல்கிறான். அவனிடம் வேட்கை உண்டு. மறுக்கத்தக்க கொள்கை இல்லை. நாவலில் பலிக்கெனக் கவரப்படுபவள் ஸ்லேன், லேலியா ஆகியோரின் மகள். பாட்டியின் பெயராகிய நீஸ் என்பதே அவள் பெயரும். அவளை மீட்கும் பொறுப்பு ஸ்பார்க் என்னும் இளைஞனுக்கு உரியது. நாவல் வரிசை 1993 இல் நிறைவுற்றது. படமோ 1991 இலேயே முடிந்தது. மூலம் முடியுமுன் படம் முடியவேண்டியிருந்தது என்னும் இடர்ப்பாட்டை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தலைவன் தன் காதலியை மீட்டல் என்னும் பழகிய முடிவைத் தேர்ந்தமையால், தலைமுறை மாறினும் துலாக்கோலின் சிக்கல் தீராது என்னும் பெரும்பொருள் நழுவிவிட்டது. ஸ்பார்க்கின் கதையைப் பிறிதொரு தொலைக்காட்சித் தொடர் 1998 இல் 27 பகுதிகளில் எடுத்துக்கொண்டது இவ்விழப்பிற்கு ஒருவாறு ஈடு எனலாம்.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று புலனாகும். ஆட்டத்தின் விதியை மறைக்க முயலாது, அதனையே ஒரு வினாவாக்கி நிறுத்தும்வரை இப்படம் உயர்ந்து நிற்கிறது. அவ்வினாவை மறந்தவுடன் ஏனைய வீரக்கதைகளுள் ஒன்றாகிவிடுகிறது. ஆட்டத்திலிருந்து பிறந்தமை அதன் குறையன்று, வலிமையே. நம் துறையினர்க்கு வேறொரு பயனும் இதில் உண்டு. வாய்மொழியாக வழங்கிய கதைப்பாடல்கள் ஏட்டில் ஏறியபோது எவை மாறின என்பதைப் பெரும்பாலும் ஊகித்தே கூறுகின்றோம். இடைப்பட்ட படிகள் நமக்குக் கிட்டுவதில்லை. ஈண்டோ ஆடியோர் பேச்சு முதல் படம் வரை ஒவ்வொரு படியும் ஆண்டுக் குறிப்போடு வெளிவந்துள்ளது. பலர் கூடிச் சொன்ன கதை ஒருவர் கையெழுத்தாகும்போது நிகழ்வது என்ன என்பதை ஆராயும் மாணவர், இத்தகைய சான்றை விளையாட்டென்று ஒதுக்குதல் தகாது.