ஈரக்காற்று நாட்டில் நீர்க்குளிரூட்டல்

விலையுயர்ந்த விளையாட்டுக் கணினிகளைப் பற்றிப் பேசுவோர், அவற்றின் வேகத்துக்கு அடுத்தபடியாகப் பெருமையோடு எடுத்துரைப்பது, கண்ணாடிப் பக்கத்தின் ஊடாக வண்ண விளக்குகளோடு தெரியும் நீர்க்குளிரூட்டல் அமைப்பைத்தான். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் கடைகளிலிருந்து ஏ4 வீதி வழியே இரத்தினபுரிக்கும், ஏ1 வீதி வழியே கேகாலைக்கும் வந்து சேரும் அத்தகைய கணினிகளை, பலாங்கொடை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டங்களில் பிறந்து, கொழும்பிலோ கடல் கடந்தோ உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கும் இளைஞர்கள் இன்று சிலர் உண்டு. எண்ணிக்கையில் அவர்கள் சிலரே என்றாலும், அவர்கள் செலவிடுவது குடும்பத்தின் பல மாத உழைப்பாதலின், அந்த முறையின் குணங்களையும் குறைகளையும் குளிர்நாட்டு அறையிலன்றிச் சப்ரகமுவவின் ஈரக்காற்றிலே வைத்து எடைபோடுவது அவசியமாகிறது.

முதலில் குணங்களைச் சொல்லுவதே நியாயம். சில்லில் பிறக்கும் வெப்பம் மிகுதியானது என்பதைக் காட்டிலும், அது நகத்தளவான இடத்தில் குவிந்து பிறக்கிறது என்பதே பெரிய சிக்கல். இன்டெலின் கோர் ஐ9-14900கே உச்ச நிலையில் 253 வாற்று வரையும், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை 450 வாற்று வரையும் மின்சாரத்தை உண்ணும். உண்டது அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும். அந்த வெப்பத்தைச் செப்புத் தகட்டின் நுண்ணிய வாய்க்கால்களில் ஓடும் நீர் ஏற்று, குழாய் வழியே எடுத்துச் சென்று, கேசிங்கின் ஓரத்திலுள்ள அகன்ற ரேடியேற்றரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஒரு பாகை சூடேறுவதற்குள், தன் கனஅளவுக்குச் சமமான காற்றைவிட நீர் ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பத்தை ஏற்கவல்லது. ஆகவே விளையாட்டின் நடுவே வேலைப்பளு திடீரென உயரும்போது, நீரின் சூடு மெல்லவே ஏறுகிறது, விசிறிகளும் அலறாமல் சுழல்கின்றன. டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் பம்பியையும் செப்புத் தகட்டையும் ஒன்றாக்கி, மூடிய சுற்றாக அமைத்துக் கொடுத்ததும், 2009-இல் கோர்செயரின் எச்50 அதே அடிப்படையில் சந்தைக்கு வந்ததும், முன்னர் தேர்ந்த கைவினைஞருக்கே கைகூடிய இந்த வித்தையைச் சாமானியருக்கும் எட்டச் செய்தன. எங்கள் பிரதேசத்துக்கென்றே ஒரு விசேஷ அனுகூலமும் உண்டு: நொக்டுவாவின் என்எச்-டி15 போன்ற பெரிய காற்றுவழிக் குளிரூட்டி 1.3 கிலோ எடையோடு தாய்ப்பலகையில் தொங்கும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் அது பலகையை வளைத்துவிடக்கூடும் என்ற அச்சம், இலேசான செப்புத் தகட்டைப் பொருத்தியவருக்கு இல்லை.

ஆயினும், இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது. வெப்பத்தைக் கடைசியில் வாங்கிக்கொள்ளும் அறைக்காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அதற்குக் கீழே சில்லைக் கொண்டுசெல்ல எந்த ரேடியேற்றராலும் இயலாது. 20 பாகை செல்சியஸ் உள்ள அறையில் 75 பாகையைக் காட்டும் சில்லு, அதே அமைப்பில், அதே வேலையில், நண்பகல் 30 பாகையைத் தாண்டுவது வழக்கமாகிவிட்ட இரத்தினபுரியில் 85 பாகைக்கு மேல் காட்டும். குளிர்நாட்டு ஆய்வுகளில் சிறந்த நீர் அமைப்புக்கும் நல்ல காற்றுவழி அமைப்புக்கும் இடையே காணப்படும் வேறுபாட்டை, இந்தப் பத்துப் பாகை பெரும்பாலும் விழுங்கிவிடும்.

அறையின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டங்களில் இன்னும் பல குடும்பங்கள் வாழ்கின்ற லயத்து அறை, 10 அடிக்கு 12 அடி என்ற பழைய அளவினது. அதிலுள்ள காற்றின் நிறை ஏறத்தாழ 33 கிலோதான். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு 500 வாற்று உண்ணும் கணினியை இயக்கினால், சுவரும் தட்டுமுட்டுச் சாமான்களும் உறிஞ்சுவதைக் கணக்கில் சேர்க்காதவிடத்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு 1 பாகை வீதம் அந்தக் காற்று சூடேறும். சுவர்கள் இதைத் தணிக்கும் என்பது மெய்யே. ஆனால் வெயிலில் காய்ந்த தகரக் கூரையும் அதே அறைக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கிறது. மேலான குளிரூட்டி சில்லிலிருந்து வெப்பத்தை எவ்வளவு திறமையாக அகற்றுகிறதோ, அவ்வளவு திறமையாக அதைக் கணினியின் முன் அமர்ந்திருப்பவர் மீதே சேர்க்கிறது. அமைதிக்காக விலை கொடுப்பவர்களும், ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரியில், அந்தக் கூரையின் கீழே எத்தனை மாலைகளில் அந்த அமைதியைக் கேட்க முடியும் என்று சிந்திக்க வேண்டும்.

அறைக்காற்றின் எல்லையையே கடந்துவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகட்டைக் கொண்டு, 2020-இல் இன்டெல் கிரையோ என்ற பெயரில் ஓர் உபாயத்தை முன்வைத்து, சில ஆண்டுகளுக்குள் கைவிட்டது. இந்த வழி எங்கள் மண்ணுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிய, தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறிப் பார்த்தால் போதும். அங்கே ஒன்று வறண்டும் மற்றொன்று ஈரத்துணி சுற்றியும் இருக்கும் இரு வெப்பமானிகள் அருகருகே தொங்கும். தென்மேற்குப் பருவமழை நாட்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும்போது, காற்றில் இனி ஈரம் ஏற இடமில்லை என்று கண்டு, தொட்டிகளுக்குச் சூடான காற்றைக் கலந்து அனுப்புவார்கள். 28 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 24 பாகையளவில் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகத் துளிர்க்கும். அறையைவிட நான்கே பாகை குளிர்ந்தால் தாய்ப்பலகையின் மேல் வியர்வை அரும்பும் என்பது இதன் பொருள். நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ‘ஏர் கூலர்’ இங்கே மழைக்காலத்தில் பிரயோசனப்படாமற் போவதும் இதே காரணத்தால்தான். தலைமுறை தலைமுறையாகத் தொழிற்சாலையில் காற்றின் ஈரத்தை அளந்து வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு, கணினி விற்பவர்கள் இந்த ஓர் உண்மையையாவது எடுத்துச் சொல்லாமலிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடிய சுற்றிலிருந்தும் நீர் குழாய்ச்சுவர் வழியாக ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகக் கசிந்து ஆவியாகிறது. அந்த இடத்தைப் பிடிக்கும் காற்று மேலேறித் தங்குவதால், பம்பி சுற்றின் உச்சியில் அமைந்திருந்தால் வறண்டு தேயும். பெரும்பாலான அமைப்புகளில் தகடு செம்பும் ரேடியேற்றர் அலுமினியமுமாக இருப்பதால், அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவத்துக்குப் பதிலாகக் கிணற்று நீரை ஊற்றினால், செம்போடு சேர்ந்த அலுமினியம் அரிக்கப்படத் தொடங்கும். கேகாலைப் பகுதியில் இறப்பர்ச் சீற் புகையூட்டும் கொட்டிலின் கரியும், விறகடுப்பின் புகையும் ஈரத்தோடு சேர்ந்து நெருக்கமான ரேடியேற்றர்ச் செதில்களில் அப்பிக்கொள்வது தனித் தொல்லை. காற்றுவழிக் குளிரூட்டியில் தேய்ந்துபோகக்கூடியது விசிறி ஒன்றுதான். அதைப் பெல்மதுளையிலேயே மாற்றிவிடலாம். மின்சாரம் திடீரென நின்றால் பம்பி நின்று சில்லு எரிந்துவிடும் என்று சிலர் அஞ்சுவது மட்டும் வீண் அச்சம். சில்லும் அதே கணத்தில் நின்றுவிடுகிறதே. 2022-இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டு கற்பித்த பாடம் வேறு: வீடுகளில் வழக்கமாக வைத்திருக்கும் 650 வி.ஏ. யூபிஎஸ், முழுவேகத்தில் ஓடும் இத்தகைய கணினியின் சுமையைத் தாங்கும் சக்தியற்றது.

என் அபிப்பிராயத்தில், இந்த நீர்க்குளிரூட்டல் நாகரிகத்தின் ஆழ்ந்த குற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. குளிரூட்டி வலுப்பெற வலுப்பெற, சில்லுகளைச் செய்வோர் கடைசிச் சில சதவீத வேகத்துக்காக மின்னழுத்தத்தை எல்லைவரை உயர்த்தி விற்கத் துணிந்தார்கள். சில்லு உண்ணும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவதாகையால், கடைசிச் சிறு வேகத்துக்குக் கொடுக்கும் வெப்பம் மிகப் பெரிது. 2024-இல் இன்டெல் தன் 13-ஆம், 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் சில நிலைகுலைந்துபோனதற்கு மிகையான மின்னழுத்தமே மூலம் என்று ஒப்புக்கொண்டு, திருத்தமும் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க நேர்ந்தது. எவ்வளவு உயர்ந்த நீர் அமைப்பை வைத்திருந்தவரையும் அது மட்டும் காப்பாற்றியிராது. மறுபுறம், அதே வேகத்தில் ஓடும் சில்லின் மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதன் இயக்க வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இதற்கு அமைப்புத் திரையில் சில நிமிட வேலையன்றி வேறு செலவில்லை. 2023-இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி, விளையாட்டில் அக்காலத்துச் சில்லுகளின் முன்னணியில் நின்றும், 100 வாற்றுக்குக் குறைவாகவே உண்டு, நடுத்தர விலைக் காற்றுவழிக் குளிரூட்டியோடு நிறைவாக இயங்கிற்று. பிறந்த வெப்பத்தை விரட்டுவதைவிடப் பிறவாமல் தடுப்பதே எங்கள் சுவாத்தியத்துக்கு ஏற்ற வித்தை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதனால் நீர்க்குளிரூட்டலை அடியோடு விலக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. இரத்தினபுரி நகரிலோ கேகாலையிலோ ஏசி பொருத்திய அறையில், திருமண வீடியோக்களையும் அசைபடங்களையும் மணிக்கணக்கில் தொகுத்துப் பிழைப்பு நடத்துபவருக்கு, இடைவிடாத உச்சச் சுமையைத் தாங்கும் 360 மில்லிமீற்றர் ரேடியேற்றர் தகுந்த சாதனமே; அதைக் கேசிங்கின் மேற்கூரையில் பொருத்தி, பம்பி அதற்குக் கீழே நிற்கும்படி அமைத்து, உத்தரவாதக் காலம் முடியுமுன் மாற்றுக்குப் பணம் ஒதுக்கிவைப்பது அவர் கடமை. லயத்திலோ தோட்ட உத்தியோகத்தர் விடுதியிலோ விளையாடும் இளைஞர், முதலில் சில்லுக்கும் கிராபிக்ஸ் அட்டைக்கும் மின்னெல்லையைக் குறைத்து, இரட்டை விசிறிக் காற்றுவழிக் குளிரூட்டியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சமாகும் தொகையைத் தகரத்தின் கீழ் ஓர் உட்கூரைக்கும், ஜன்னலில் வெப்பக்காற்றை வெளியே தள்ளும் விசிறிக்கும், சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் மாலைகளுக்காகச் சரியான புவித்தொடுப்புள்ள மின்னிணைப்புக்கும் செலவிடட்டும்.