பருவம் தவறிய உரப் பை

நியூஜெர்சியில் மார்ச் மாதம் பாதி கழிவதற்குள் பெருங்கடைகளின் வாசலில் உரப் பைகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டுவிடுகின்றன. எடிசன், பிஸ்காட்டவே, பிளெயின்ஸ்போரோ பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிய காட்சிதான். பனி உருகிய தரை இன்னும் சொதசொதவென்று கிடக்கும். புல் வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதற்குள் தெருவில் யாராவது ஒருவர் உரம் தூவும் வண்டியைத் தள்ளத் தொடங்கிவிடுவார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர், அவரைப் பார்த்து நாம். வசந்தம் வந்தால் புல்தரைக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நினைப்பு இப்படித்தான் பரவுகிறது. இந்த நினைப்பில் எது சரி, எது பிசகு என்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. காலம் தவறித் தூவிய உரத்தால் கெடுவது புல் மட்டுமல்ல, மழைநீர் வடிகால் போய்ச் சேரும் ஓடையும் கடற்கழியும் சேர்ந்தே கெடுகின்றன. இது சின்ன விஷயமும் அல்ல. கிறிஸ்டினா மிலேசியும் சக ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட கணக்கின்படி அமெரிக்காவின் புல்தரைகள் சுமார் 1,64,000 சதுர கிலோமீட்டர். அந்த நாட்டில் நீர் பாய்ச்சி வளர்க்கும் பயிர்களிலேயே பரப்பில் பெரியது இதுதான்.

முதலில் புல்லின் இயல்பு. நியூஜெர்சி வீடுகளில் வளரும் கென்டக்கி ப்ளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, பெரெனியல் ரைகிராஸ் மூன்றும் குளிர்காலப் புல் வகையைச் சேர்ந்தவை. கோடைதான் இவற்றுக்குச் சோதனைக் காலம். ஏப்ரலில் பச்சை கட்டும்போது, முந்தைய இலையுதிர் காலத்தில் வேரிலும் தண்டடியிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் இவை துளிர்க்கின்றன. வேர் நன்றாக ஓடுவதற்கு மண் 50 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். வசந்தத்தில் அந்த நிலை சில வாரங்களே நீடிக்கும், அதன் பின்னாலேயே வெயில் வந்துவிடும். செப்டம்பரில் அப்படியில்லை. வெயில் தணிகிறது, மண் வெதுவெதுப்பாகவே இருக்கிறது, களைகள் ஓய்ந்து வருகின்றன. புல்லின் உண்மையான பட்டம் அதுதான். கடைக்காரரின் பட்டம் வசந்தம். வசந்தகாலப் பராமரிப்பின் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் பிறந்தவை என்பது என் கருத்து.

ஆனாலும் வசந்தத்தில் செய்தே தீர வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதில் காலம் பார்ப்பதற்கு இந்த மரபு கற்றுக்கொடுத்ததை மெச்சத்தான் வேண்டும். க்ராப்கிராஸ் என்ற களையைத் தடுப்பதுதான் அந்த வேலை. அது ஓராண்டுச் செடி. உறைபனி பட்டால் செத்துவிடும், ஆனால் சாவதற்குள் ஆயிரக்கணக்கில் விதை உதிர்த்துவிட்டுப் போகும். மேல்மண் சில நாள் தொடர்ந்து 55 டிகிரியை ஒட்டி, அதாவது செல்சியஸில் 13 அளவில் நின்றால் அந்த விதைகள் முளைக்கத் தொடங்கும். முளைக்கும் முன் இடும் களைக்கொல்லிகளான புரோடயமின், டைத்தியோபைர், பெண்டிமெத்தலின் ஆகியவை விதையைக் கொல்வதில்லை. மேல்மண்ணில் மெல்லிய படலமாகத் தங்கி, முளைவிடும் கன்றின் வேர்ச்செல் பிரிவதைத் தடுக்கின்றன. எனவே விதை முளைப்பதற்கு முன்பே மருந்து மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். மழையோ குழாய்த் தண்ணீரோ அதைக் கரைத்து உள்ளே இறக்கவும் வேண்டும். சீக்கிரமாகப் போட்டால், ஜூனில் முளைக்கும் விதைகளுக்கு மருந்தின் வீரியம் மிஞ்சாது. பிந்திப் போட்டால் முளைத்ததை அது ஒன்றும் செய்யாது. டைத்தியோபைர் மட்டும் இளங்கன்றையும் ஓரளவு அடக்கும், அதனால் சில வாரம் சலுகை தரும்.

இந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வழி ஃபோர்சித்தியாப் புதரைப் பார்ப்பது. இலை வருமுன் கொம்பெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி அது. அதன் பூ உதிர்வதற்குள் மருந்து போட்டுவிடு என்பது இங்கே வீட்டுக்கு வீடு சொல்லும் விதி. தேதியை நம்பாமல் செடியை நம்பச் சொல்வதால் இந்த விதி எனக்குப் பிடிக்கும். 2012 மார்ச் மாதம் அமெரிக்காவில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமான மார்ச். அந்த ஆண்டு வழக்கமான ஏப்ரல் தேதிக்காகக் காத்திருந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள், புதரைப் பார்த்தவர்களுக்கு அது முன்கூட்டியே சொல்லியிருக்கும். ஆனால் இந்த விதியிலும் ஓட்டை உண்டு. ஃபோர்சித்தியாவின் மொட்டு காற்றின் சூட்டுக்கு மலர்கிறது, க்ராப்கிராஸ் விதையோ மண்ணின் சூட்டுக்கு முளைக்கிறது. குளிர்ந்த வசந்தத்தில் பூ வாரக்கணக்கில் உதிராமல் நிற்கும். எந்த வாரத்தை எடுத்துக்கொள்வது?

இதைவிட நம்பகமானது சமையலறையில் இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் சாதாரண வெப்பமானி. அதைப் புல்தரையில் 2 அங்குலம் இறக்கி, காலையில் ஒரே நேரத்தில் சில நாள் தொடர்ந்து பார்த்தால் போதும். ஒரே வீட்டுத் தரையிலேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிகிறது. தெற்கு பார்த்த பக்கத்தில் கார் நிறுத்தும் தார்த்தளத்தை ஒட்டிய ஒரு சாண் அகல மண், பகலெல்லாம் வாங்கிய சூட்டை வைத்திருக்கிறது. க்ராப்கிராஸ் முதலில் தலைகாட்டுவது அங்கேதான். வெளிர்பச்சை நிறத்தில், மற்ற புல்லைவிட அகன்ற இலையோடு, தரையை ஒட்டிப் படரும். வடக்கே வீட்டின் நிழல் விழும் இடத்தில் மண் அப்போதும் சில்லென்று இருக்கும், முளைப்பு அங்கே வெகுநாள் தள்ளிப்போகும். சுற்றுச்சுவரே இல்லாத ஒரு தோட்டத்துக்குள் இரண்டு பருவம் நடக்கிறது. தேதியிட்ட எந்த அட்டவணையாலும் இதைச் சொல்ல முடியாது. தினசரி வெப்பத்தைக் கூட்டிக் கணக்கிடும் முறையும் உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் அதற்கென்றே ஒரு இணையச் சேவை நடத்துகிறது. ஊர் முழுக்கச் சராசரி பார்க்க அது நல்லது, தார்த்தளத்தின் ஓரத்துக்கு வெப்பமானிதான்.

மத்திய நியூஜெர்சியில் இந்தப் பருவம் பெரும்பாலும் சித்திரை பிறக்கும் வாரத்தை ஒட்டி அமைகிறது. வெப்பம் கூடிய ஆண்டில் முந்தும், குளிர்ந்த ஆண்டில் பிந்தும்.

இவ்வளவு நுட்பமாக நாள் பார்த்துச் செய்யும் வேலையைக் கெடுப்பது பையின் உள்ளே இருக்கும் கலவைதான். கடையில் அதிகம் விற்கும் முதல் பையில் க்ராப்கிராஸ் மருந்தும் தழைச்சத்தும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரே நடையில் இரண்டு வேலை முடிகிறது என்பது அதன் வசதி. வேலைக்குப் போகும் தம்பதிக்கு அந்த வசதி சாதாரணமானதல்ல, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்துக்கு உகந்த நாளும் உரத்துக்கு உகந்த நாளும் ஒன்றல்ல. மருந்துக்கு ஏப்ரல். உரம் வேண்டுமானால், துளிர்ப்பின் முதல் வேகம் அடங்கிய மே மாதப் பிற்பகுதி. ஏற்கனவே சேமிப்பைச் செலவழித்துத் துளிர்க்கும் புல்லுக்கு ஏப்ரலில் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால், அது இலையாகவே கொட்டித் தீர்க்கும். மே மாதத்தில் வாரம் இருமுறை வெட்ட வேண்டிவரும். வேர் ஆழம் போகாது. ஜூலை வெயிலில் அந்தத் தரைதான் முதலில் சோர்ந்து விழும். புழுக்கம் மிகுந்த இரவுகளில் டால் ஃபெஸ்க்யூவைத் தாக்கும் பழுப்புத் திட்டு நோய்க்கும் மிதமிஞ்சிய தழைச்சத்து வழிவிடுகிறது. தெருவிலேயே முதலில் பச்சையானது என் வீடு என்ற பெருமைக்குக் கோடையில் கொடுக்கும் விலை இது.

அந்தப் பை செய்யும் இன்னொரு கேடு வெளியே தெரிவதில்லை. குளிர்காலத்தில் அங்கங்கே வெறுமையான இடங்களில் புது விதை தூவவும் பலர் வசந்தத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். க்ராப்கிராஸ் முளையைத் தடுக்கும் மருந்து நாம் காசு கொடுத்து வாங்கிய புல்விதையின் முளையையும் தடுக்கும், அதற்கு ஆள் வித்தியாசம் தெரியாது. மெசோட்ரையோன் போன்ற ஓரிரு மருந்துகள் விதைப்போடு ஒத்துப்போகும் என்றாலும் பொதுவாகக் கடையில் எடுக்கும் பை அந்த ரகம் அல்ல. மருந்தைத் தவிர்த்து விதைத்தாலும், ஏப்ரலில் முளைத்த இளம்புல் இரண்டு மாதத்து வேரோடு ஜூலையைச் சந்திக்க வேண்டும், பக்கத்தில் க்ராப்கிராஸோடு மல்லுக்கட்டவும் வேண்டும். வழுக்கை விழுந்த இடத்தை வசந்தத்தில் சகித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது பை மஞ்சள் பூக்கும் டான்டிலயனுக்கானது. பூவைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. ஆனால் செடி தன் சர்க்கரையை வேருக்கு இறக்கும் காலம் இலையுதிர் காலம். அப்போது தெளித்த மருந்து அதனோடு சேர்ந்து ஆணிவேர் வரை இறங்கும். மண்ணைத் துளையிட்டுக் காற்றோட்டம் தரும் வேலையும் அப்படியே. வசந்தத்தில் துளையிட்டால் களைவிதைக்கு நாமே குழி பறித்துக் கொடுத்தது போலாகும்.

வேர்ப்புழுவின் கதை நியூஜெர்சிக்கே உரியது. ஜப்பானிய வண்டு அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1916-ல், இந்த மாநிலத்தின் ரிவர்ட்டன் ஊரருகே ஒரு நாற்றங்காலில். ஏப்ரலில் மண்ணைக் கிளறினால் சி வடிவில் சுருண்ட கொழுத்த வெள்ளைப் புழு கிடைக்கும். அதைப் பார்த்துப் பதறி மருந்து வாங்குபவர்கள் ஏராளம். ஆனால் அந்தப் புழு சில வாரமே தின்று, கூட்டுப்புழுவாகப் போகிறது. பெரிய புழுவுக்கு மருந்தும் சரியாகப் பிடிக்காது. சேதம் செய்வது, கோடையில் வண்டு இட்ட முட்டையிலிருந்து ஆகஸ்டில் வெளிவரும் அடுத்த தலைமுறை. மெதுவாகக் கரைந்து இறங்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல் மட்டும் இதற்கு விலக்கு. அதை ஏப்ரல், மே மாதங்களில் இட்டால்தான் ஆகஸ்டுக்குள் வேரடிக்குப் போய்ச் சேரும். தேனீக்களைக் காக்க 2022-ல் இயற்றிய சட்டத்தால் இமிடாகுளோப்ரிட் வகை மருந்துகளைப் புல்தரைக்காக வீட்டுக்காரர்கள் வாங்கிப் போடுவது இந்த மாநிலத்தில் முடிவுக்கு வந்திருக்கிறது. நல்ல முடிவு.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது 2011-ல் வந்த உரச் சட்டத்தையும் எடைபோட வேண்டும். பார்னகட் விரிகுடாவில் தழைச்சத்து மிகுந்து பாசி படர்ந்து, மீனினங்கள் வளரும் கடற்புல் படுகைகள் குறைந்து வந்ததுதான் அதற்குப் பின்னணி. வீட்டுக்காரர்கள் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் 1 வரை உரம் தூவக் கூடாது. தேவை என்று மண் பரிசோதனை காட்டினாலொழிய பொதுவாக மணிச்சத்து இடக் கூடாது. தழைச்சத்தில் ஐந்தில் ஒரு பங்காவது மெதுவாகக் கரையும் வகையாக இருக்க வேண்டும். ஒரு முறைக்கு 1000 சதுர அடிக்கு 0.9 பவுண்டுக்கு மேல் போடக் கூடாது. வீட்டு உரத்துக்கு இவ்வளவு திட்டவட்டமாகக் கட்டுப்பாடு விதித்த சட்டங்கள் அமெரிக்காவில் அதிகமில்லை. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். சட்டத்துக்குத் தேதி தேவை, வெப்பமானியைக் காட்டி அபராதம் விதிக்க முடியாது. இருந்தாலும் தடை நீங்கும் மார்ச் 1 என்ற நாளை அனுமதி நாளாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் வளர்ந்துவிட்டது. நூற்றுக்கணக்கான வீடுகளை ஒப்பந்தத்துக்கு எடுத்த பராமரிப்பு நிறுவனம் சில வாரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்வர வேண்டும். அதனால் நம் வீட்டுக்கு அவர்கள் வரும் நாளைத் தீர்மானிப்பது மண்ணின் சூடு அல்ல, அவர்களுடைய வண்டி போகும் வழி. புல் உறிஞ்சும் நிலையில் இல்லாத மார்ச் மாதத் தரையில் விழுந்த தழைச்சத்து அடுத்த மழையில் எங்கே போகும் என்பது அந்த விரிகுடாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு எதிர்த் திசையில் கிளம்பியது, மே மாதம் முழுக்கப் புல்லை வெட்டாதே என்ற இயக்கம். பிரிட்டனின் பிளான்ட்லைஃப் அமைப்பு 2019-ல் தொடங்கியதை, 2020-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆப்பிள்டன் நகரம் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. புல்தரை யாருக்காக என்ற கேள்வியைத் தெருவில் வைத்தது அதன் பெரும் பயன். ஆனால் ஆப்பிள்டனில் தேனீக்கள் பெருகியதாகச் சொன்ன ஆய்வுக் கட்டுரை 2022-ல் திரும்பப் பெறப்பட்டது. நடைமுறையிலும் சிக்கல். மே முடிவில் முழங்காலளவு நிற்கும் புல்லை ஒரே வெட்டில் இறக்கினால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்ற அடிப்படை விதி உடைகிறது. தரையில் வெளிச்சம் விழுந்து, காத்திருந்த க்ராப்கிராஸ் முளைக்கிறது. இதைவிட மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு வீட்டுத் தோட்டங்களில் சூசன்னா லெர்மன் குழு செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு உருப்படியானது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிய தரைகளில் தேனீக்கள் அதிகம் இருந்தன என்கிறது அது. மூன்றரை அங்குல உயரம் விட்டு, வெட்டும் இடைவெளியைச் சற்று நீட்டினால் களைக்கு நிழலும் தேனீக்குப் பூவும் ஒருசேரக் கிடைக்கும்.

என் தீர்ப்பு வசந்தத்தைக் கைவிடு என்பதல்ல. முந்தைய இலையுதிர் காலத்தில் உரமே காணாத, மெலிந்த தரைக்கு மே மாதக் கடைசியில் மெதுவாகக் கரையும் உரம் கொஞ்சம் தேவைப்படும். அடர்த்தி குறைந்த இடத்தில்தான் களை குடியேறும் என்பதால் அது வீண் செலவு அல்ல. சுண்ணாம்பு தேவையா என்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் ஆய்வகம் சொல்லிவிடும். அதே பல்கலைக்கழகத்தில் ரீட் ஃபங்க், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மிதிபட்டும் சாகாமல் நின்ற ரைகிராஸ் செடிகளைச் சேகரித்து, 1967-ல் 'மன்ஹாட்டன்' என்ற ரகத்தை வெளியிட்டார். அத்தனை உழைப்பில் உருவான விதையைச் செப்டம்பரில் தூவினால் பத்து நாளுக்குள் பச்சை தெரியும், ஏப்ரலில் தூவினால் பாதி வீணாகும்.

இதற்கெல்லாம் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவர் படிப்பது பையின் முதுகில் அச்சிட்டிருப்பதைத்தான், அங்கே 'வசந்தத் தொடக்கம்' என்று பொதுவாகப் போட்டிருக்கிறது. அந்த இடத்தில் மண்ணின் வெப்ப அளவை அச்சிட வேண்டும். உரம் கலக்காத க்ராப்கிராஸ் மருந்து இப்போதும் தயாராகிறது, அதைத் தேடிப் பிடிக்க வைக்காமல் வாசலிலேயே அடுக்க வேண்டும். உரச் சட்டத்தைத் திருத்தும் நாள் வந்தால் மாநில அரசு முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.