பின்வாங்கும் படைக்குத் துறை எது?

வென்றவனைப் பாடப் பரணி உண்டு. மாண்டவனுக்குக் கையறுநிலை உண்டு. நம் முஸ்லிம் புலவர்கள் படைப்போர் என்றே ஒரு வகை கண்டனர். வெல்லாமலும் மாளாமலும் கப்பலேறித் திரும்புவோரைப் பாட எந்தத் துறை?

இவ்வினா இராயபுரத்தை அடுத்த துறைமுகத்தில் எழுந்தது. 1987 ஜூலையில் இலங்கை சென்ற இந்திய அமைதிப்படையின் இறுதிப் பிரிவு 1990 மார்ச் 24-இல் திருகோணமலையை விட்டகன்றது. சென்னையில் கரையிறங்கிய படையினரை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் சிந்திய குருதியை அறிந்தோர் அதைக் குறைகூறார். உயிரிழந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்தம் இல்லத்தாரோ பொறுத்துக்கொள்ளார்.

முஅத்தாவிலிருந்து காலித் இப்னு வலீத் (ரலி) படையை மீட்டுவந்தபோது மதீனாவாசிகள் மண்ணை வாரித் தூற்றி, 'ஓடிவந்தோரே' என்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, 'மீண்டும் பாய்வோர்' எனத் தேற்றினார்கள். ஃபுர்ரார், குர்ரார்: அரபியில் ஓரெழுத்தே வேறுபாடு. தமிழில் 'புறங்காட்டல்' என்னும் பழிச்சொல்லே முந்திவருகிறது.

ஆயினும் ஒப்புமை முற்றும் பொருந்தாது. முஅத்தாப் படை மதீனாவாசிகளின் உறவினரைக் கொன்றதில்லை. சென்னைக் கரையில் நின்ற தமிழனுக்கு அக்கரையில் உறவு இருந்தது. கப்பலின் ஏணியில் இறங்கிய சிப்பாயும் யாழ்ப்பாணத்துத் தாயும் ஒரே பாட்டில் நிற்கும் நாளுக்காகவே காத்திருக்கிறேன்.