ஐன்ஸ்டீன் மூளையும் கிளியா செல்களும்

மூளையில் நியூரான்களைச் சூழ்ந்து அவற்றுக்கு ஊட்டமும் காப்பும் அளிப்பவை கிளியா செல்கள். 1985இல் மேரியன் டயமண்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இச்செல்களுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. ஐன்ஸ்டீனின் மூளையில் ஓரிடத்தில், நியூரான் ஒன்றுக்குரிய கிளியா செல்கள் பிறரைவிட மிகுதி என்பது அதன் முடிவு. இதுவே மேதைமையின் இரகசியம் என எழுதுவோர் உளர். இது பொருந்துமா?

தனி ஊசலின் அலைவு நேரத்தை ஒரே ஒரு முறை அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கூறும் மாணவரின் விடையை நாம் ஏற்பதில்லை. இங்கும் அளக்கப்பட்டது ஒரே ஒரு மேதையின் மூளை. அதனுடன் ஒப்பிட்டவை 11 ஆண்களின் மூளைகள். சோதித்த இடங்கள் நான்கு; குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்பட்டதோ ஒன்றில் மட்டுமே. பல இடங்களில் தேடும்போது, ஏதேனும் ஒன்றில் தற்செயலாகவே வேறுபாடு தோன்றலாம். மேலும், 1955இல் இறந்தபோது ஐன்ஸ்டீனின் வயது 76. மற்றவர்களின் சராசரி வயது 64. வயது வேறுபாட்டின் விளைவை மேதைமையின் விளைவிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்?

கிளியாவின் பெருமைக்கு ஐன்ஸ்டீனின் சான்று தேவையில்லை. சில கிளியா செல்கள் நரம்பிழையின்மீது மயலின் உறையைச் சுற்றுகின்றன. உறையற்ற மெல்லிய இழையில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் செல்லும் மின்துடிப்பு, உறையிட்ட தடித்த இழையில் 100 மீட்டர் வரை விரைகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வுறை சிதைவதால் விளைவதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய்.

உறையிடும் இப்பணி நம் ஒவ்வொருவர் உடலிலும் நடைபெறுகிறது. 'எனக்கு அந்தச் செல்கள் குறைவு' என்று கணக்குப் புத்தகத்தை மூடிவைக்க, 1985ஆம் ஆண்டு ஆய்வு எந்த மாணவருக்கும் காரணமாகாது.